திகதியில்லாத கடிதம்

அத்தியாயம் 12

"மெம்பர் இருக்காங்களா?"

காலை ஆறரை மணிக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் குரல் கேட்டது. கிருஷாந்தினி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இருக்கேன், இருக்கேன். உள்ள வாங்கக்கா."

பதில் சொன்னது அவள் அண்ணன் தர்சன். அவள் மறுபடியும் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள்.

வந்தவள் கீழ் லயத்துக்காரி. மகனை டவுன் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வேண்டும். தர்சன் டிவிக்கு அடியிலிருந்து கடிதத்தாள் கட்டை எடுத்தான். நாலு வரி எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல அதற்கு அடியில் இரண்டு கோடு இழுத்தான். சட்டைப் பையிலிருந்து ரப்பர் சீலை எடுத்து, வாயால் ஒருமுறை ஊதி, மேசை அதிர ஒரு குத்துக் குத்தினான்.

சீலில் இருந்த பெயர்: கிருஷாந்தினி பழனிமுத்து, பிரதேச சபை உறுப்பினர்.

கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்த அந்தப் பெண், போகும்போது கிருஷாந்தினியைப் பார்த்தாள்.

"மெம்பருக்குத் தங்கச்சியாப் பொறக்கக் குடுத்து வச்சிருக்கணும் புள்ள."

பத்து மாதத்துக்கு முன்பு இதைக் கேட்டு அவள் சிரித்திருப்பாள்.

பத்து மாதத்துக்கு முன்பு நடந்தது இதுதான். பலாபத்வலவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் யோகேந்திரன் ஒரு சுயேச்சைக் குழுவை நிறுத்தினார். அவருக்காக மூன்று வருஷம் ஓடியவன் தர்சன். போஸ்டர் ஒட்டினான், கூட்டத்துக்குக் கதிரை தூக்கினான், எதிர்க்குழுக்காரனிடம் அடி வாங்கி இடது புருவத்தில் மூன்று தையல் போட்டுக்கொண்டான். எண்ணி முடித்தபோது குழுவுக்கு இரண்டு வட்டாரங்கள் கிடைத்தன. அதற்கு மேல் பட்டியலில் ஓர் ஆசனம். அந்த ஆசனத்தைப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது.

பட்டியலில் பெண்களின் பெயர்கள் இருந்தன. படிவத்தை நிரப்பப் போட்ட பெயர்கள். அதில் ஒன்று கிருஷாந்தினியுடையது. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வந்து எல்டன்ஹில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். நாலு பேர் முன்னால் பேச மட்டும் வராது.

"பேருதான் தங்கச்சியோடது. வேலை ஒன்னோடது," என்றார் யோகேந்திரன் தர்சனிடம்.

கடையின் பின்னறையில், சீமெந்து மூட்டைகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவே, அவளிடம் இரண்டு கடிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று, பதவியை ஏற்றுக்கொள்கிறேன் என்ற கடிதம். இன்னொன்று, பதவியிலிருந்து விலகுகிறேன் என்ற கடிதம். இரண்டாவதில் திகதி இல்லை.

"இது எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள்.

"எல்லா இடத்துலயும் உள்ள வழக்கம்தான் மகள். ரெண்டு வருஷத்துக்குப் பொறகு இன்னொரு பொம்பளப் புள்ளைக்கும் வாய்ப்புக் குடுக்கணும்ல?"

"போடு தங்கச்சி. சும்மா ஒரு கடதாசி," என்றான் தர்சன்.

அவள் போட்டாள். போடும்போது கை நடுங்கக்கூட இல்லை. இப்போது அவளுக்குத் தன்மேல் உள்ள கோபமெல்லாம் அதுதான்.

*

அம்மா தெய்வானை பீலியிலிருந்து தண்ணீரோடு வந்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"பீலிக்கு மேல கம்பி அடிக்கிறானுங்க. மூணு போஸ்ட்டு நட்டாச்சு. கேட்டா, நாலு நாளைக்குப் பொறகு இந்தப் பக்கம் வரக் கூடாதுங்கிறான்."

"யாரு சொன்னது?" கிருஷாந்தினி திரும்பினாள்.

"கம்பி அடிக்கிறவன்."

எல்டன்ஹில்லின் கீழ் லயங்களில் முப்பத்திரண்டு குடும்பங்கள். மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் அந்தப் பீலிதான் அவர்களுக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க. சிறுபோகத்து வறட்சியில் மற்ற ஊற்றெல்லாம் வற்றினாலும் அது சுண்டுவிரல் கனத்துக்காவது விழும்.

தர்சன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "அது யோகேந்திரன் தலைவரோட மச்சான் வாங்குன காணிம்மா. அங்க ஹொலிடே பங்களா வருது. வெள்ளைக்காரங்க வந்து தங்குவாங்க. நம்ம பொடியன்களுக்கும் வேலை கெடைக்கும்."

"பங்களா வரட்டும். பீலி எப்புடி அவரு காணிக்குள்ள போச்சு?" என்றாள் கிருஷாந்தினி.

"ஒனக்கு அதெல்லாம் வெளங்காது."

"வெளங்குற மாதிரி சொல்லு."

தர்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தங்கச்சி இப்படிப் பேசிப் பழக்கமில்லை.

"இங்க பாரு. இன்னைக்குக் கூட்டத்துல தண்ணி, கிண்ணின்னு யாராச்சும் கதைச்சா நீ வாயத் தொறக்கக் கூடாது. தலைவரு காலையிலேயே கோல் எடுத்துச் சொல்லிட்டாரு. கை தூக்கச் சொன்னா தூக்கு. அவ்வளவுதான். இந்தா பைல்."

சபையிலிருந்து வரும் கோப்பும் அவன் கைக்குத்தான் முதலில் வரும். தபால்காரர்கூட 'மெம்பர்' என்றால் அவனைத்தான் தேடுவார். ஆரம்பத்தில் அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வாசலில் கூட்டம் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி திருத்தலாம்.

"சீலக் குடுத்துட்டுப் போ," என்றாள்.

"எதுக்கு?"

"என் பேரு போட்டிருக்கு."

"அவன்கிட்டயே இருக்கட்டுமேடி," என்றாள் அம்மா, தலையில் கொங்காணிச் சாக்கை மாட்டிக்கொண்டே. "அவன் நாலு இடத்துக்குப் போறவன். ஒனக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

பைக் சத்தம் மலைப்பாதையில் இறங்கிப்போனது.

*

சபைக் கூட்டம் பத்து மணிக்கு. உறுப்பினர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிருஷாந்தினி கடைசி வரிசையில் ஜெஸ்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெஸ்லா வேறொரு குழுவைச் சேர்ந்தவள். பலாபத்வலவுக்குப் பக்கத்துக் கிராமம். வாப்பா மிளகு வியாபாரி. அவளும் பெண்களுக்கான பட்டியலில் வந்தவள்தான். ஆனால் அவள் வாய்க்குச் சபைத் தவிசாளரே பயப்படுவார்.

"என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி ஈக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சரி, ஒண்ணுமில்லாட்டி ஏழாவது விசயத்தப் பாரு. ஒங்கட தோட்டமாம்."

கிருஷாந்தினி கோப்பைத் திறந்தாள். ஆறாவது விடயத்துக்குப் பிறகு எட்டாவது இருந்தது. நடுவில் தாள் இல்லை. கம்பி கோர்த்த ஓட்டையில் மட்டும் கிழிந்த காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெஸ்லா தன் கோப்பை அவள் பக்கம் தள்ளினாள். "என்ட பைல்ல ஈக்கே. இந்தா."

ஏழாவது விடயம்: எல்டன்ஹில் கீழ்ப் பிரிவு நீரூற்றுக்கு வேலி அமைத்து, சபைப் பாதையை வெட்டி, தனியார் விடுதிக்குக் குழாய் கொண்டு செல்ல அனுமதி. இணைப்பு: பகுதி மக்களின் சார்பில் உறுப்பினரின் சம்மதக் கடிதம்.

இணைப்பைப் புரட்டினாள். அவளுடைய கடிதத்தாள். 'இப்பகுதி மக்களுக்கு மாற்று நீர் வசதி இருப்பதால் எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.' இந்த மாதம் பன்னிரண்டாம் திகதி. அவளுடைய சீல். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு.

அம்மா காலையில் குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. காதுமடல்கள் சுட்டன.

தவிசாளர் ஏழாவது விடயத்துக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். சிங்களத்தில் வேகமாக வாசித்தார். மக்களின் சம்மதம் இருக்கிறது, உறுப்பினரே எழுதித் தந்திருக்கிறார், ஆட்சேபனை இல்லையென்றால் நிறைவேறியதாக...

கிருஷாந்தினி எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

முன் வரிசையில் இருந்த யோகேந்திரன் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அசைத்தார். நாய்க்குட்டியை உட்காரச் சொல்வது போல.

"என்ன நங்கி?" என்றார் தவிசாளர். மற்ற எல்லோரையும் 'மந்திரீதுமா' என்று மரியாதையாக அழைப்பவர், இவளை மட்டும் 'நங்கி' என்பார், தங்கச்சி என்று. பத்து மாதமாக அது அவளுக்குப் பாசமாகவே பட்டிருந்தது.

"இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை," என்றாள் சிங்களத்தில். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "கையெழுத்து என்னுடையதில்லை. அந்தப் பீலியை விட்டால் முப்பத்திரண்டு வீட்டுக்கும் வேறு தண்ணீர் கிடையாது. என் வீடும் அதில் ஒன்று."

யாரோ சிரித்தார்கள்.

"அப்போ உங்கள் கடிதத்தாளில், உங்கள் சீலோடு எழுதியது பேயா?"

"வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் நங்கி," என்றது இன்னொரு குரல்.

ஜெஸ்லா மேசையைத் தட்டினாள். "சிரிக்கிறவங்க வீட்டுல தண்ணி எந்தப் பீலியில வருது? கைய உசத்துங்க பார்ப்பம்!" தமிழில் சொல்லிவிட்டு அதையே சிங்களத்திலும் சொன்னாள். சிங்களத்தில் இன்னும் காரமாக இருந்தது.

சிரிப்பு நின்றது. செயலாளர் தவிசாளரின் காதில் ஏதோ சொன்னார். தவிசாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உறுப்பினர் மறுப்பதால் ஏழாவது விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

கிருஷாந்தினி உட்கார்ந்தாள். அந்த மனிதர் முதன்முறையாக அவளை முகத்துக்கு நேரே உறுப்பினர் என்று சொன்னது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

*

தேநீர் இடைவேளையில் யோகேந்திரன் அவளை நடைபாதையின் கோடிக்கு அழைத்துப் போனார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாப் பேசுனீங்க மகள். யாரு சொல்லிக் குடுத்தா? அந்தச் சோனகப் புள்ளையா?"

"எனக்குப் பேச வரும் சேர்."

"அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." புன்னகைத்தார். "சரி. நாலு மணிக்குள்ள செயலாளருக்கு ஒரு கடதாசி எழுதிக் குடுங்க. கையெழுத்து ஒங்களோடதுதான், கொழப்பத்துல மறந்துட்டேன்னு. நாலு மணி தாண்டுச்சுன்னா, நம்ம பீரோவுல இருக்கிற மத்தக் கடதாசி மாத்தளைக்குப் போகும். தேர்தல் ஒபிசுக்கு."

"ரெண்டு வருஷம்னு சொன்னீங்க."

"வருஷத்த எண்றது நான்தானே மகள்?"

அவர் தேநீர்க் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். பாதி குடித்த கோப்பை. அதை எடுத்துக் கழுவும் வேலைக்கும் ஒரு பெண்தான் வருவாள் என்று கிருஷாந்தினிக்குத் தோன்றியது.

தனக்கு இருப்பது இந்த ஆசனம் ஒன்றுதான். அது போனால் அடுத்த கூட்டத்தில் ஏழாவது விடயத்துக்கு எழுந்து நிற்க ஆளில்லை. அவளுக்குப் பதிலாக வரப்போகிற பெண்ணிடமும் திகதியில்லாத கடிதம் ஒன்று வாங்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

ஜெஸ்லாவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், சீமெந்து மூட்டை உட்பட.

"அல்லாஹ்வே!" ஜெஸ்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "படிச்ச புள்ள நீ. வெறுங்கடதாசில கையெழுத்தா?"

"நீங்க போடலையா?"

ஜெஸ்லா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என்டதும் ஒருத்தர்ட மேசை லாச்சிக்குள்ளதான் ஈக்கு. வா, போவம்," என்றாள்.

*

யாழ்ப்பாண றோட்டில் பஸ் தம்புள்ளை மரக்கறி லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. ஒரு லொறியின் முட்டைக்கோவா மணம் மாத்தளை வரை கூடவே வந்தது. கிருஷாந்தினியின் மடியில் ஜெஸ்லாவின் கோப்பு இருந்தது.

போன் அடித்தது, அம்மா பேசினாள். மலையில் நின்றுகொண்டு யாருடைய போனிலோ பேசுவது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்க? அண்ணன் கோல் எடுத்துக் கத்துறான். நீ அவனக் கள்ளன்னு சொல்லிட்டியாமே!"

"நான் யாரையும் சொல்லல. அது என் கையெழுத்து இல்லன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

"அம்மா, பீலிக்குக் கம்பி அடிக்கச் சம்மதம்னு நம்ம வீட்டு மேசையில வச்சுத்தான் எழுதியிருக்கு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "எனக்கு எழுத்தா தெரியும்? சீல் குத்துன சத்தம்தான் கேட்டிருக்கும்."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"எனக்குப் பீலியும் வேணும். புள்ளையும் வேணும். அவனப் பொலிசு கொண்டு போகாமப் பாத்துக்க. காட்டிக் குடுத்துறாத கிருஷா. ஒங்க அப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா சீல என்கிட்டக் குடுத்திருப்பாரு."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

*

தேர்தல் அலுவலகத்தில் இருந்தவர் தமிழ் தெரிந்த சிங்களவர். நரைத்த மீசை. பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ், நீங்க சொல்றது எனக்கு வெளங்குது. ஆனா ஒங்க கையெழுத்தோட ஒரு கடிதம் வந்தா, நான் எடுக்கத்தான் வேணும். ஏன் விலகுறீங்கன்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"கடிதம் வந்துருச்சா சேர்?"

"இன்னும் இல்ல. வரமுந்தி ஒரு முறைப்பாடு எழுதித் தந்தா, விசாரிக்கும் வரைக்கும் நிப்பாட்டி வைக்கலாம். ஆனா ஆதாரம் வேணும். வாயால சொன்னாப் போதாது."

"கடிதம் வாங்குறப்போ பார்த்த ஆள் இருக்காங்க."

"யாரு?"

அவள் வாய் திறப்பதற்குள் ஜெஸ்லா அவள் முழங்கையைத் தொட்டாள். ஜன்னல் வழியாகக் காட்டினாள்.

கீழே வாசலில் தர்சன் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். கையில் பழுப்பு நிற உறை.

படிக்கட்டின் திருப்பத்தில் கிருஷாந்தினி அவனை மறித்தாள். மணி மூன்றேகால்.

"வீட்டுக்கு வா," என்றான் எடுத்த எடுப்பில். "செயலாளருக்கு நாலு வரி எழுதிக் குடு. இத இங்கயே, ஒன் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போடுறேன். எனக்கு மட்டும் ஆசையா, ஒன் பதவிய நானே பறிக்க?"

"அம்மா குடிக்கிற தண்ணிய எழுதிக் குடுத்தப்போ என்ன ஆசை?"

"மாத்து வழி செஞ்சு தாறேன்னு தலைவரு சொன்னாரு. டாங்கி வச்சுத் தருவாராம்."

"கடிதத்துல மாத்து வழி இருக்குன்னு எழுதியிருக்க. வரும்னு இல்ல."

தர்சன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். புருவத்துத் தழும்பு சிவந்திருந்தது.

"மூணு வருஷம் தங்கச்சி. மூணு வருஷம் மழையில, வெயில்ல ஓடுனவன் நான். தையல் போட்டது எனக்கு. கடைசியில ஆசனம் யாருக்கு? வீட்டுக்குள்ள இருந்த ஒனக்கு. ஏன்? நீ பொம்பளைங்கிறதால."

இது அவன் பத்து மாதமாக விழுங்கி வைத்திருந்த பேச்சு. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் கோபத்தைக் குறைக்கவில்லை.

"ஆமா. பொம்பளைங்கிறதாலதான் குடுத்தாங்க. நம்ம குழுவுல இன்னும் ரெண்டு மெம்பர் இருக்காங்கல்ல? தலைவரும், மத்தவரும். அவங்ககிட்டத் தேதி போடாத கடிதம் வாங்குனாங்களா?"

தர்சன் உறையின் ஓரத்தை மடித்தான்.

"சொல்லுண்ணே. நீதானே எல்லாம் பார்த்துக்குற மெம்பர். அந்தப் பீரோவுல எத்தனைக் கடிதம் இருந்துச்சு?"

"...ஒண்ணு."

"ஒனக்கே ஆசனம் கெடச்சிருந்தா நீ போட்டிருப்பியா?"

"நான் ஏன் போடணும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே விளங்கியது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன் அடித்தது. 'தலைவர்' என்று திரையில் வந்தது. எடுத்தான்.

"ஆமாங்க... வந்துட்டேங்க... இல்லைங்க, இன்னும் குடுக்கல. நாலு மணின்னு சொன்னீங்களே... சரிங்க... இப்பவே குடுத்துறேங்க."

அவள் பக்கம் பார்க்காமல் படியேறினான். உறையை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தை இறக்கிவைத்தவன் போலப் பின்னால் நகர்ந்து கதவோரம் நின்றான்.

அதிகாரி உறையைப் பிரித்தார். கடிதத்தை வாசித்தார். கிருஷாந்தினிக்குக் காட்டினார்.

"இது ஒங்க கையெழுத்தா?"

"ஆமா சேர்."

ஜெஸ்லா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

பத்து மாதத்துக்கு முன்பு போட்ட கையெழுத்து. அடியில் கோடில்லை. வெறுமையாக விட்டிருந்த இடத்தில் இப்போது திகதி இருந்தது. மை வேறு. எழுத்து தர்சனுடையது. இந்த மாதம் முதலாம் திகதி.

"முதலாம் திகதியா?" அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "இன்னைக்கு இருவத்திரண்டு."

"தலைவர்தான் அப்புடிப் போடச் சொன்னாரு," என்று கதவோரத்திலிருந்து தர்சன் தானாகவே சொன்னான். "ஒன்னாந் தேதியே விலகிட்டாங்கன்னா, இன்னைக்குச் சபையில பேசுனது செல்லாதாம்."

கிருஷாந்தினி அந்தத் திகதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாம் திகதி. அவள் பேசியதை அழிப்பதற்காக மூன்று வாரம் பின்னுக்குப் போயிருக்கிறார்கள்.

மூன்று வாரம்.

அவள் ஜெஸ்லாவின் கோப்பைத் திறந்தாள். ஏழாவது விடயத்தின் இணைப்பைக் கம்பியிலிருந்து கழற்றி, விலகல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு தாளையும் ஓரம் சேர நேராக்கினாள். பேச ஆரம்பித்தபோது குரல் உடையவில்லை.

"சேர், இந்த ஆசனம் ஒன்னாந் திகதி காலியாயிருச்சுன்னு இந்தக் கடிதம் சொல்லுது. அப்போ பன்னிரண்டாம் திகதி, உறுப்பினர்னு சொல்லி, மக்கள் சார்பில பீலிய எழுதிக் குடுத்தது யாரு?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துகளின்மேல் குனிந்தார்.

"ரெண்டும் ஒருத்தர் போட்டதில்ல," என்றார் மெதுவாக.

"இல்ல சேர். விலகல் சரின்னா, சம்மதம் பொய். சம்மதம் சரின்னா, விலகல் பொய். ரெண்டையும் ஒருத்தர் வச்சுக்க ஏலாது."

"ஆ! படிச்ச புள்ளைதான்," என்றாள் ஜெஸ்லா சத்தமாகவே.

அதிகாரி லாச்சியிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து கிருஷாந்தினியின் முன்னால் வைத்தார். தன் பேனையையே திறந்து கொடுத்தார்.

"இத நீங்க எழுதித் தாங்க. நான் இந்தக் கடிதத்த இன்னைக்கு ஏத்துக்க மாட்டேன். மூணு நாள் தாறேன். ஆனா மிஸ், ஒரு விசயம். பன்னிரண்டாம் திகதிக் கையெழுத்து யாரோடதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மலைக்காற்றில் நின்று அம்மா பேசியது அவள் காதில் அப்படியே இருந்தது. காட்டிக் குடுத்துறாத கிருஷா.

பேனையைக் கையில் எடுத்தாள். முதலில் தாளின் வலப்பக்க மூலையில் இன்றைய திகதியை எழுதினாள். இருபத்திரண்டு. எண்கள் பெரிதாக விழுந்தன.

"தெரியும் சேர்," என்றாள். "ஆனா நான் சொல்ல மாட்டேன். என் பேர்ல அடுத்தவங்க பேசினதெல்லாம் போதும். அடுத்தவங்க பேர்ல நானும் பேசக் கூடாது. அவரே சொல்லட்டும். கதவுகிட்டத்தான் நிக்கிறாரு."

எல்லாரும் திரும்பினார்கள்.

தர்சன் தலைக்கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அதிகாரி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்க யாரு?"

பத்து மாதமாக அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. தபால்காரருக்கும், கீழ் லயத்துக்காரிக்கும், பலாபத்வலக் கடைத்தெருவுக்கும் சொன்ன பதில்: மெம்பர். அது இப்போது அவன் வாயில் வரவில்லை.

போன் மறுபடியும் அதிரத் தொடங்கியது.

தர்சனின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது. அங்கே இரண்டு பொருட்கள் இருந்தன. விடாமல் அதிரும் தலைவரின் அழைப்பு ஒன்று. தங்கச்சியின் பெயர் வெட்டிய சீல் இன்னொன்று.

கிருஷாந்தினி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.